இடது ஸ்பீக்கர்

அம்மாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எனக்கும் கிடையாது. அடையாறில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான்; எதையும் அளந்து பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில், காலமாகி நான்கு மாதம் ஆகியிருந்த என் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பேசினார். அம்மா கேட்டாள். நானும் கேட்டேன்.

அம்மா வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்டுப் பெண்கள், ஆளுக்கு ஒரு கேசட். வகுப்பு நடக்கும்போதே பாடம் அதில் பதிவாகும். பெண் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டுச் சாதகம் செய்துவிட்டு, அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அடுத்த பாடமும் அதே கேசட்டில், பழைய பாடத்தின் மேலேயே பதிவாகும். ஒவ்வொரு கேசட்டும் வருஷக்கணக்கில் இப்படி உழைத்தது. புதுக் கேசட் வாங்குவதை அம்மா ஊதாரித்தனம் என்பாள்.

பதிவு செய்வது அப்பாவின் வேலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் கழித்தும் எந்த ராகம் எது என்று அவருக்குத் தெரியாது. மெஷின் மட்டும் தெரியும். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த டேப் டெக், ஆம்ப்ளிஃபையர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், இவைதான் அவருடைய சொத்து. டெக்குக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை. ஜண்டை வரிசை. ஆரம்பிக்கலாம்" என்று ரேடியோக்காரர் மாதிரி அறிவிப்பார். நடுவில் தொண்டையைச் செருமுவார். பெண் தடுக்கி நின்றால் அம்மா வாயைத் திறப்பதற்குள் இவர் "ம், மேல போ" என்பார். "நீங்க செத்த சும்மா இருங்கோளேன்" என்று அம்மா எரிந்து விழுவதும் சேர்ந்தே பதிவாகும்.

டெக்கின் முன்பக்கத்தில் மைக் செருக இரண்டு துளைகள் இருந்தன, இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. எங்களிடம் இருந்ததோ ஒரே மைக். அப்பா எப்போதும் இடது துளையில்தான் செருகுவார். ஆகவே எங்கள் வீட்டு வகுப்புகள் எல்லாம் இடது ஸ்பீக்கரில் மட்டும்தான் கேட்கும். வலது ஸ்பீக்கர் சும்மா நிற்கும்.

ஐப்பசி மழையில் அப்பா போனார். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் ஆள் இல்லை. மார்கழியில் அம்மா வகுப்பைத் திரும்ப ஆரம்பித்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றாள். பதிவையும் அவளே பார்த்துக்கொண்டாள். மைக்கை அவள் வலது துளையில் செருகியிருக்கிறாள்; பாட்டு வலது ஸ்பீக்கரில் வருவதைக் கவனித்தேன், ஆனால் அதைப் போய்ச் சொல்லி, "உங்கப்பா எங்க சொருகுவார்?" என்று அவள் கேட்க, அதற்கு நான் பதில் சொல்ல வேண்டாமே என்று விட்டுவிட்டேன்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் எனக்கு அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. பொங்கல் லீவுக்காகப் பெண்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். வலது பக்கத்தில் அம்மாவும் பெண்களும் பாடினார்கள். அவ்வளவுதான். எட்டுக் கேசட்டிலும் புதிய பாடம் ஏறிவிட்டிருந்தது. அப்பாவை வைத்து எடுத்த போட்டோக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. குரல் எங்கேயும் இல்லை. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அவர் இருந்த வரைக்கும் அந்தக் குரலை வாயை மூடச் சொல்வதுதானே எங்கள் வழக்கம். அன்றைக்கு இடது பக்கத்தில் எதுவும் இருக்கும் என்று நினைக்காததால் நான் அங்கே காதையே கொடுக்கவில்லை. அம்மாவும் நானும் அன்று இரவு ரசத்தைக்கூடச் சூடு பண்ணாமல் சாப்பிட்டோம்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. மாசி மாத வெயில். எட்டுப் பெண்களில் ஒருத்தி, மார்கழியில் ஒரே ஒரு வகுப்புக்கு வந்துவிட்டு, வீடு மாற்றி நங்கநல்லூருக்குப் போய்விட்டாள். அவள் விட்டுச்சென்ற கேசட்டைப் புதிதாகச் சேரும் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று அம்மா அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

வலது ஸ்பீக்கரில் அந்தப் பெண் பாடினாள். அம்மா கூடப் பாடினாள். அப்பா போன பிறகு அம்மா எடுத்த முதல் வகுப்பு அது. பாதி வரியில் அம்மாவின் குரல் உடைந்தது. பெண்ணும் நின்றுவிட்டாள். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை அம்மா எப்படித் தாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நான் சிவப்புப் பேனாவை மூடினேன்.

அப்போது இடது ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு, அடுத்த அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல மங்கலாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், "ம், மேல போ" என்றது.

வலது ஸ்பீக்கரில் அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

நான் பயந்துபோனேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது ஸ்பீக்கரின் துணியையே பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டியோடீ?"

"கேட்டேன்."

"அன்னிக்கு நான் அழுதப்போ அந்தப் பொண்ணைத் தவிர இந்த ஆத்துல வேற யாரும் இல்லை. அவர் சொல்லித்தான் நான் மேல பாடியிருக்கேன். எனக்குத்தான் அப்போ காதுல விழலை."

நான் எழுந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பயம் வந்தால் எனக்கு உடனே ஒரு கருவி கையில் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று மாணவர்களுக்கு வருஷம் பூராவும் கத்துகிறவள் நான். முதலில் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றினேன். அப்பா வலது பக்கத்துக்கு வந்தார், பாட்டு இடது பக்கத்துக்குப் போயிற்று. ஆக ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. கேசட்டை வெளியே எடுத்தேன். இரண்டு பக்கமும் அமைதி. ஆக வெளியிலிருந்து எந்த ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரில் புகவில்லை. கேசட்டைக் கீழ்வீட்டுக்காரர்களின் டூ-இன்-ஒன் ரேடியோவில் போட்டேன். அதில் ஒரே ஸ்பீக்கர். எல்லாம் கலந்து பெண்ணின் பாட்டு மட்டும் கேட்டது, அப்பா இல்லை. திரும்ப மாடிக்கு வந்து எங்கள் டெக்கில் போட்டேன். இருந்தார். கடைசியாக ஒரு புதுக் கேசட்டை உறையைப் பிரித்துப் பதிவு செய்து பார்த்தேன். அதில் அவர் இல்லை.

விஷயம் ஓரளவு புரிந்துவிட்டது. பழைய பாடம் முழுதாக அழியாமல் அடியில் தங்கியிருக்கிறது. அம்மா வலது பக்கத்தில் பதிவு செய்ததால் இடது பக்கம் காலியாக ஓடியிருக்கிறது, அதனால் அங்கே அடியில் கிடந்தது வெளியே கேட்கிறது. மைக்கைக் கையில் வைத்திருந்தவர் அப்பா, ஆகையால் அவர் குரல்தான் மிச்சம். அந்த "மேல போ" ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு பெண்ணுக்குச் சொன்னது. அம்மா அழுத இடத்தில் வந்து விழுந்தது தற்செயல். மறுநாள் காலையில் இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். அவள் தலையை ஆட்டினாள். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, அதுல பதிவு பண்ணினா அவர் வரார், அதானே சொல்றே?" என்றாள். கல்லூரிக்கு நேரமாகிவிட்டது, வந்து சொல்கிறேன் என்று போய்விட்டேன். அப்போதே உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த பத்து நாள் கல்லூரியில் தேர்வு. ஒரு நாள் சீக்கிரம் முடிந்து மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். படியேறும்போதே அம்மா பாடுவது கேட்டது. அது வகுப்பு நேரம் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மா தனியாக, கையில் மைக்கோடு, காலி நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். பாதி வரியில் சட்டென்று நிறுத்தினாள். காத்திருந்தாள். டெக் ஓடியது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு பொத்தானை அழுத்தி டேப்பைப் பின்னால் ஓட்டி, போட்டு, இடது ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டிபோட்டுக் காதை அதன்மேல் வைத்துக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். என் அம்மாவைப் பார்த்து நான் பயந்தது அந்த ஒரு தடவைதான்.

"கொஞ்சம் கொஞ்சமா தூரப் போறார்டீ" என்றாள், நான் வந்ததைத் தெரிந்துகொண்டு. "முதல்ல நன்னாப் பேசினார். இப்போ வாசல்ல நின்னுண்டு பேசற மாதிரி இருக்கு. நேத்திக்குத் தெருவுல."

கேசட்டுகளைப் பெண்களிடம் கொடுத்தனுப்பாமல் வைத்துக்கொண்டு, ஏழிலும் தினம் இரண்டு தடவை, மூன்று தடவை இப்படிச் செய்திருக்கிறாள். வாராவாரம் வகுப்பில் பதிவானது போக இதுவும். பதிவு செய்தால் அவர் வருவார் என்று நினைத்துச் செய்தாள். ஒவ்வொரு பதிவும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னபோது அவள் மைக்கைச் சுடுகிற பாத்திரத்தை வைப்பது போலக் கீழே வைத்தாள். ஏழையும் போட்டுப் பார்த்தேன். ஐந்தில் ஒன்றும் இல்லை. இரண்டில் யாரோ மூச்சு விடுவது போல ஓர் அசைவு, அது அப்பாதான் என்று நாங்கள் சொல்லிக்கொண்டால் உண்டு.

நங்கநல்லூர்ப் பெண்ணின் கேசட்டில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. அதைச் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஆக உலகத்தில் அப்பாவின் குரல் என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு கேசட். அதிலும் மங்கலாக, நாலைந்து இடத்தில்.

அதைத் தெளிவாக்கித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கு ஒரு கொள்கை உருவாகியிருந்தது. டேப்பில் குரல் இருக்கிறது. டெக் பழசு, அதில் டேப்பைப் படிக்கும் ஹெட் தேய்ந்துவிட்டது, நேராக உட்காரவில்லை, அதனால்தான் பஞ்சை வைத்து அடைத்த மாதிரிக் கேட்கிறது. ஹெட்டைச் சரிசெய்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவார். ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு நானே ஹெட்டைத் துடைத்துப் பார்த்தேன். பிசிரளவு வித்தியாசம்கூட இல்லை. கொள்கை மட்டும் அசையவில்லை.

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் டேப் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருந்தார். டெக்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அவர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, கேசட்டைப் போட்டு, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டார். திடீரென்று கழுத்தைத் திருப்பித் தன் முதுகுப்பக்கம் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"யாரும்மா இது? பொண்ணு இங்க பாடிக்கினு கீது, ஒர்த்தர் பின்னால குந்திக்கினு பேசறாரு?"

"பழைய ரெக்கார்டிங்" என்றேன்.

"கீறாரா அவரு?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் இயர்போனைக் கழற்றி, கேசட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு இங்க பார்ட்ஸ் கெடைக்காதும்மா. பாம்பேல கம்பெனி சர்வீஸ் கீது, பார்சல் பண்ணி அனுப்பு. எனக்கு இன்னாத்துக்கு வம்பு."

பார்ட்ஸ் கிடைக்காதது நிஜம்தான். ஆனால் அவர் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை, மூடியின் திருகாணிகளைக்கூட நானே முடுக்கிக்கொள்ளும்படி விட்டுவிட்டார். சந்து முனை வரைக்கும் வந்துவிட்டு அவர் கடையைத் திரும்பிப் பார்த்தேன். பட்டப்பகலில் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பம்பாய்க்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. பார்சல் கட்டுவதில் நான் கைதேர்ந்தவள். டெக்கை முதலில் பாலிதீன் பையில் போட்டு வாயை ஒட்டினேன். கேசட் போடும் வாசல் லாரியின் குலுக்கலில் திறந்துகொள்ளாமல் இருக்க அட்டையை மடித்துச் செருகினேன். ஆறு பக்கமும் இரண்டு விரல் கனத்துக்குத் தெர்மாகோல் வெட்டி வைத்து ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் அம்மாவின் பழைய நூல் புடவைகள். கையால் ஆட்டிப் பார்த்தால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. அதற்கு மேல் சாக்குத் துணி, கோணி ஊசியால் தையல், "கண்ணாடி, கவனம்" என்று நான்கு பக்கமும் சிவப்பு மையில். கண்ணாடி என்று எழுதினால்தான் தூக்கிப் போடமாட்டார்கள்.

சாக்கைத் தைப்பதற்கு முன்னால்தான் தகராறு வந்தது. நான் கேசட்டைக் கேட்டேன்.

"அது எதுக்கு? ரிப்பேர் மெஷினுக்குத்தானே?" என்றாள் அம்மா.

"சாம்பிள் வேண்டாமா? டாக்டர்கிட்ட போறச்ச வியாதியை ஆத்துல வெச்சுட்டா போவா? இதைக் கேட்டாத்தான் அவனுக்கு என்ன சரி பண்ணணும்னு தெரியும்."

"இது ஒண்ணுதான்டீ இருக்கு."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிக் கதவுக்கு வெளியில நின்னுண்டு பேசணும் அவர்?"

இப்படிப் பேசினால் அம்மாவால் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன். வேறு ஒரு டெக்கில் போட்டு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். நகல் எடுத்தால் இன்னும் மங்கிவிடும், திரும்பி வந்ததும் தெளிவாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கெட்டிக்காரத்தனம். அம்மா அலமாரியிலிருந்து கேசட்டை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. இங்கிலீஷில், கல்லூரிக் கடிதங்களின் தோரணையில் எழுதினேன். இடது பக்கத்தில் பாட்டின் பின்னால் ஓர் ஆணின் குரல் மங்கலாகக் கேட்கிறது. மாதிரிக்குக் கேசட் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து கவனித்துச் சரிசெய்யவும். அவ்வளவுதான் எழுதினேன். அது என் அப்பா, அவர் இப்போது இல்லை, அந்தக் குரல் எங்களுக்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதப் பேனா போயிற்று. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், முன்பின் தெரியாத ஒரு எஞ்சினியருக்கு அப்படி எழுதினால் பைத்தியம் என்று நினைப்பானே என்று வெட்கப்பட்டு எழுதாமல் விட்டேன்.

"யாருன்னு எழுதினியோ?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"எழுதியாச்சு" என்றேன்.

பாரிமுனைப் பக்கம் இருந்த பார்சல் ஆபீசுக்கு ஆட்டோ வந்தது. பெட்டியை நானும் டிரைவருமாகத் தூக்கி வைத்தோம். அம்மா வாசல்வரை இறங்கி வந்தாள். ஆட்டோ கிளம்பும்போது என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்து, "போயிட்டு வாங்கோ" என்றாள். டிரைவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "சரிம்மா" என்றார். எனக்கு வழியெல்லாம் அந்தப் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு வரவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

ஆறு வாரம் ஆயிற்று. டெக் இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் தெரிந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை. பங்குனி வெயிலில் ஒரு நாள் தலைவலி என்று லீவு போட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தேன். மூன்று மணி இருக்கும். கூடத்தில் ஆம்ப்ளிஃபையரைப் போடும் டக் சத்தம் கேட்டது. எழுந்து போனேன். அம்மா ஒலியை முழுதாக ஏற்றி வைத்துவிட்டு இடது ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். டெக் இல்லாத வெறும் ஆம்ப்ளிஃபையர் காய்ந்த எண்ணெய்ச் சட்டி மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

"அதுல ஒண்ணும் வராதும்மா. டெக்கே இங்க இல்லை" என்றேன்.

"தெரியும். உட்காரு."

உட்கார்ந்தேன். சண்டை போடத் தெம்பு இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். இரைச்சல்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரைச்சலுக்கு அடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். நான் பாய்ந்துபோய்ப் பின்பக்கத்து ஒயர்களை எல்லாம் பிடுங்கிப் பார்த்தேன். எதிலும் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. தெருவில் எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள்கூட இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் நானே போட்டுக் கேட்டேன், வெறும் இரைச்சல். இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. இல்லாததை இருப்பதாகக் கேட்கும் அளவுக்கு எனக்கும் அவர் வேண்டியிருந்தார் போலிருக்கிறது.

சித்திரையில் பார்சல் திரும்பி வந்தது. சாக்கை வெட்டினேன். ஒரு கீறல் இல்லை. அவர்களும் என் தெர்மாகோலையே பத்திரமாகத் திரும்ப வைத்துக் கட்டியிருந்தார்கள். அம்மா காலையிலேயே குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, டெக் வைக்கும் இடத்தைத் துடைத்து வைத்திருந்தாள். ஒயர்களைச் சேர்த்தேன். கேசட்டைப் போட்டேன்.

இரண்டு ஸ்பீக்கரிலும் ஓர் இளைஞன் பேசினான். "ஹலோ, ஹலோ. ஏக், தோ, தீன், ச்சார். ஹலோ." கணீரென்ற குரல். நடுக்கூடத்தில் வந்து நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவு.

அதன் பிறகு ஒன்றும் இல்லை. பெண்ணும் பாடவில்லை, அம்மாவும் அழவில்லை. ஒலியை ஏற்றினேன். ஏற்றினேன். இரைச்சல்கூட இல்லை, அவ்வளவு சுத்தம். வேகமாக ஓட்டி நடுவில் நிறுத்திப் போட்டேன். கடைசியில் போட்டேன். திருப்பிப் போட்டேன். இரண்டு பக்கமும் முழுக்க ஓடவிட்டுப் பொறுப்பாகச் சோதித்திருக்கிறார்கள்.

டெக்கின் பின்னால் நூலில் கட்டி ஒரு அட்டை தொங்கியது. அம்மா அதை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். புகார்: இடது பக்கத்தில் ஆண் குரல். காரணம்: அழிக்கும் ஹெட் வேலை செய்யவில்லை. புதிது மாற்றப்பட்டது. இணைத்திருந்த கேசட்டில் பதிவு செய்து சோதிக்கப்பட்டது. குரல் இப்போது இல்லை.

பதிவு செய்கிற டெக்கில், புதியதை எழுதுவதற்கு முன் பழையதைத் துடைத்துவிட ஒரு தனி ஹெட் உண்டு. அது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. அப்பா போன ஐப்பசிக்கும் அம்மா வகுப்பை ஆரம்பித்த மார்கழிக்கும் நடுவில் அது செத்திருக்கிறது. அது செத்ததால்தான் அவர் மிஞ்சினார். ஏன் அந்த ஒன்றரை மாதத்தில் செத்தது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அவரைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில் என் புத்தி அந்தப் பக்கமே போகவில்லை. கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை நகத்தால் உடைத்துவிட்டிருந்தால்கூடப் போதும், அதில் யாராலும் பதிவு செய்திருக்க முடியாது. திரும்பத் திரும்பப் பதிவு செய்கிற எங்கள் வீட்டில் எந்தக் கேசட்டிலும் யாரும் அதை உடைத்ததே இல்லை. அன்று எனக்கு ஞாபகமும் வரவில்லை.

அம்மா அட்டையை இரண்டாம் தடவை படித்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள். அது என் கடிதத்தில் இருந்த என் வார்த்தை.

"அன்னிக்கு நாலு பேர் சேர்ந்து தூக்கிண்டு போனா" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "இப்போ நீ ஒருத்தியே பொட்டி கட்டி அனுப்பிச்சுட்டே."

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் எழுந்து போய்க் காப்பி போட்டாள், எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். அவள் என்னோடு பேசாமல் இருந்ததில்லை, அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதும் இல்லை. வகுப்புகள் அதே டெக்கில் பதிவாயின. அது அதற்குப் பிறகு ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. இடது பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் வீட்டில் எது கெட்டுப்போனாலும் அவள் என்னிடம் சொல்வதை விட்டுவிட்டாள். மிக்ஸி நின்றால் அதை மூடி வைத்துவிட்டு அம்மியில் அரைப்பாள். இஸ்திரிப் பெட்டி சுடாவிட்டால் புடவையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். சுவர்க் கடிகாரம் வருஷக்கணக்கில் தப்பு நேரம் காட்டியது. நானாகப் பார்த்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய், "என்னம்மா ஆச்சு இதுக்கு? சரி பண்ணித் தரேனே" என்றால், இரண்டு கையாலும் அந்தச் சாமானை மூடிக்கொள்வாள்.

"வேண்டாம்டீ. நீ தொடாதே. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."